எச்சில் காகிதம்

எச்சில் என்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த மைத்ரேயிக்கு, காகிதத்துக்கும் அது உண்டென்று அன்றுதான் தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கே இந்தக் கதி.

அவள் ஆறாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்து பிரிண்டரில் ஒரு பக்கம் மட்டும் அடித்து மிஞ்சிப்போன வினாத்தாளும் சுற்றறிக்கையும் நான்கு சாக்கு சேர்ந்திருந்தன. மறுபக்கம் வெள்ளை வெளேரென்று சும்மா கிடந்தது. அதைத் தைத்துப் பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டாகக் கொடுக்கலாமென்று லீவு நாளெல்லாம் மெனக்கெட்டு அடுக்கி வைத்திருந்தாள். கூட வேலை பார்க்கும் சம்ரீனின் மாமாவுக்குத் திருச்சி பெரிய கடை வீதியில் பைண்டிங் கடை. அவரும் தைத்துத் தர ஒப்புக்கொண்டுவிட்டார். தாளாளர் அழகியமணவாளன் சரியென்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் மாட்டேனென்றால் சாயங்காலமே பழைய பேப்பர்காரர் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார். பிள்ளைகள் வழக்கம்போல் புது நோட்டு வாங்கிக் கிறுக்கிக் கிழித்துப் போடுவார்கள்.

மைத்ரேயியும் சம்ரீனும் ஒரு சாக்கை அவர் அறைக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். தாளாளர் அதிலிருந்து ஒரு தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு பக்கம் அடிச்சாச்சுன்னா எச்சில்தானேம்மா? படிக்கிற குழந்தைகள் கையில அதைக் கொடுக்கலாமோ? படிப்புக்குத் தெய்வம், ஹயக்ரீவருக்கே அபசாரம்."

சம்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள். மைத்ரேயிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மரம், தண்ணீர், குப்பை என்று அவளும் தொண்டை வறளப் பேசியாகிவிட்டது. இனி வேலை போனாலும் போகட்டுமென்று வாயைத் திறந்தாள்.

"சூடிக் களைஞ்ச மாலையைத்தானே சார் பெருமாள் ஆசைப்பட்டு வாங்கிண்டார்? எச்சில்னு திருப்பி அனுப்பினாரா?"

விடிந்தும் விடியாமல் கோயிலுக்கு ஓடுகிற மனுஷரிடம் போய் இப்படிக் கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அழகியமணவாளன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அனுமதின்னு எழுதித் தரணுமோல்லியோ, பேப்பர் கொடுங்கோ" என்றார் கடைசியில்.

சம்ரீன் ஓடிப்போய் அலமாரியிலிருந்து புதுத் தாளொன்றை உருவி நீட்டினாள்.

"அது எதுக்கு?"

அவரே குனிந்து சாக்கில் கைவிட்டு, பழைய கணக்கு வினாத்தாளொன்றை எடுத்தார். வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து நீவினார். வழக்கம்போல் தலைப்பில் 'ஸ்ரீ:' என்று போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார்.