ஞானத்தாய் சொல்ல வேண்டிய பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஞானஸ்நான விருந்தில் கிடைத்தது. கிடைத்தது என்ன, பக்கத்து மேசைப் பெண்கள் பேசியதிலிருந்து திருடினேன். தொடக்கம்தான் பிடிபடவில்லை.

'சீரோஸ் தீவின் நீலக்கடல்' (வேண்டாம். எங்கள் கடல் எங்களுக்கே சலித்துவிட்டது.)

'கிரேக்கக் குழந்தைகள் போற்றும் எழுத்தாளர் கசியானி அவர்கள்' (இரங்கல் குறிப்பு மாதிரி இருக்கிறது. கசியானி உயிரோடுதான் இருக்கிறாள்.)

இப்படி வைத்துக்கொள்வோம்: கசியானிக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது.

2

அவள் அக்கா தெஸ்பினாவின் மகன் அர்ஜிரிஸ் எட்டு வயதில் கடலில் மூழ்கிப்போனான். சில வருடம் கழித்துக் கசியானி எழுதிய புத்தகத்தில், அர்ஜிரிஸ் என்றொரு வாலுப்பையன் மாவு பிசையும் தொட்டியில் ஏறிக் கடல் கடந்தான். புயலடித்தும் மூழ்கவில்லை. அடுத்தடுத்த புத்தகங்களிலும் மூழ்கவில்லை. நாடே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அக்காவிடம் மட்டும் அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.*

* பாசத்தில் செய்தாளா, புகழுக்குச் செய்தாளா? பாசம் என்கிறேன். எனக்கு அவள்மேல் பிரியம். நடுநிலையை வேறு யாரிடமாவது எதிர்பாருங்கள்.

3

இப்போது தெஸ்பினாவின் மகள் ரோதிக்கு ஆண்பிள்ளை. இறந்தவர் பெயர் வீட்டுப் பிள்ளைக்குப் போவது எங்கள் வழக்கம். ஞானத்தாய் கசியானி. கோவிலில் அவள் வாய்விட்டுச் சொல்வதே பெயர். பிறகு மாற்ற முடியாது.

ரோதி தொலைபேசியில் கெஞ்சினாள். "சித்தி, அண்ணன் பேரு மட்டும் வேண்டாம். பள்ளிக்கூடத்துல கால வச்சதுமே 'எங்கடா உன் மாவுத்தொட்டி'ம்பானுங்க. நிகிதாஸ்னு வைங்க."

"சரிடி கண்ணு."

மறுநாள் தெஸ்பினா, மீன் கழுவிக்கொண்டே:

"ஊர்ப்பிள்ளைங்க எல்லாம் என் பையன் பேரச் சொல்லிச் சிரிக்குதுங்க. என் வீட்டுல அந்தப் பேரச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட எனக்கு ஒரு ஆளில்ல. கேக்காம எடுத்துக்கிட்டல்ல, திருப்பிக் குடுடி."

"சரிக்கா."

(இந்த இரண்டாவது 'சரி'யை அடித்துவிடப் பார்த்தேன். அடித்தால் கதையே இல்லை.)

4

முடிவு ஒன்று: 'அர்ஜிரிஸ்' என்கிறாள். தெஸ்பினா அழுகிறாள். ரோதி, தன் பிள்ளையைப் பிறர் வாங்கிக்கொண்டதுபோல

முடிவு இரண்டு: 'நிகிதாஸ்.' தெஸ்பினா பையை எடுத்துக்கொண்டு வெளியே

முடிவு மூன்று: இரண்டு பெயரும். கசியானியின் பதிப்பாளர் இதைத்தான் விரும்புவார். "என் புள்ளைக்குப் பாதிப் பேருதானா?" என்பாள் தெஸ்பினா. அவள் கேட்பதும் நியாயம்தான்.

கசியானி உண்மையில் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுத மாட்டேன். கேட்காமல் எடுத்துக்கொண்ட பெயர். இன்னொரு கதைக்காரனும் அதைத் திரும்பவும் தன் இஷ்டத்துக்கு வைப்பது முறையில்லை என்று படுகிறது.

ஆகவே பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பெல்லாம் ஞானஸ்நான எண்ணெய், நழுவும், இறுக்கிப் பிடியுங்கள். பாதிரியார் "பேரென்னம்மா?" என்கிறார். ரோதி உங்கள் வாயையே பார்க்கிறாள். பின்வரிசையில் தெஸ்பினா எழுந்து நிற்கிறாள். அவளுக்குக் காது மந்தம். எதைச் சொன்னாலும் அவளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.