சாயம் போன விதை

காலை ஏழு மணிக்கே தட்டுகளில் விதைகளைப் பிரித்து வைத்தாயிற்று. பள்ளிக்கூடத்தின் பின்னால், உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்த ஸ்டோர் ரூம்தான் பயிற்சிக்குக் கிடைத்த இடம். விவசாய அறிவுப் போட்டியில் ஒரு சுற்றுக்குக் கண்ணைக் கட்டிவிடுவார்கள். விரலால் தொட்டே இன்ன விதை என்று சொல்ல வேண்டும். டீச்சர் பழைய துப்பட்டா ஒன்றை மூன்றாகக் கிழித்துக் கொண்டு வந்திருந்தாள்.

"இவனுக்குத் துணி எதுக்கு மிஸ்? கண்ணாடியைக் கழட்டினா போதும்" என்றான் ரேடியோ என்று பட்டப்பெயர் வாங்கிய வாயாடி.

கண்ணாடி என்றே கூப்பிடப்படும் பையன் அவன் முதுகில் ஒன்று வைத்தான். மூன்றாவது ஆள் குருவி. ஏழாம் வகுப்பு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு சின்ன உருவம். அவள் சிரிக்கவில்லை. துணியைத் தானே கட்டிக்கொண்டு தட்டில் கை வைத்தாள்.

"துவரை. உளுந்து. இது ஆமணக்கு. இது மக்காச்சோளம், மருந்து பூசினது."

"பூசினதுன்னு எப்படித் தெரியும்?"

"மாவு மாதிரி ஒட்டுது மிஸ்."

துணியை அவிழ்த்தபோது அவள் விரல்நுனிகள் ரோஜா நிறத்தில் இருந்தன.

"விதைக்கு எதுக்குச் சாயம் பூசறாங்க?" டீச்சர் மூவரையும் பார்த்துக் கேட்டாள்.

"யாரும் தெரியாம தின்னுடக் கூடாதுன்னு" என்றாள் குருவி. மற்ற இரண்டு பேரும் வாயைத் திறப்பதற்குள்.

"போய்க் கை கழுவுங்க. சோப்புப் போட்டு."

மக்காச்சோளம் பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்த விதைக் கடையில் சும்மா கிடைத்தது. காலாவதியான சரக்கு. "முளைக்கவும் முளைக்காது, விக்கவும் விடமாட்டாங்க. எடுத்துட்டுப் போங்க டீச்சர், எனக்கு இடமாவது மிஞ்சும்" என்று கடைக்காரர் அரை மூட்டையைத் தள்ளிவிட்டார். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கைப்பிடி. சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வராது.

ஆறு வருஷமாக டீச்சர் அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் டெம்பரவரி. கணக்கு வாத்தியார் மட்டும் முகத்துக்கு நேராகவே சொல்வார். "என்ன டெம்பரவரி, விதைச்சதெல்லாம் முளைச்சுதா?" ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, பள்ளி திறந்ததும் திரும்பச் சேர்ப்பார்கள். சேர்ப்பார்களா என்பது சேர்க்கும் நாள்வரை தெரியாது. அவள் வீட்டுக்காரர் முதுகெலும்பு விலகிப் படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த முறை தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: "கோப்பையோட வா. உன் ஃபைலை நானே கையில எடுத்துட்டுப் போய் நிரந்தரம் ஆக்கிட்டு வரேன். சும்மா வந்தியானா, என்கிட்ட எதுவும் கேக்காதே."

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஸ்டோர் ரூமில் எலி வந்தது. மூட்டையை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் விதைகளைப் பொட்டலம் கட்டி, வீட்டிலும் பழகட்டும் என்று பிள்ளைகளிடம் கொடுத்தாள். மக்காச்சோளம் மட்டும் மீந்தது.

"அதை நான் எடுத்துட்டுப் போறேன் மிஸ். எங்க வீட்டுல இடம் இருக்கு" என்றாள் குருவி.

"உனக்கு எதுக்குடி இவ்வளவு?"

"தம்பியும் கூட உட்கார்ந்து பொறுக்குவான். ஜாஸ்தியா இருந்தா நல்லாப் பழகலாம்."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மற்ற இரண்டு பேரையும் பார்த்து, "பாருங்கடா, அக்கறைன்னா இதுதான்" என்றாள். விதைக் கம்பெனியின் பையிலேயே கட்டி, வழியில் யாரும் பிள்ளையை நிறுத்தி எங்கே திருடினாய் என்று கேட்கக் கூடாதே என்று, பையின் மேல் பள்ளிக்கூடத்தின் பெயரையும் தன் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதினாள். குருவி அதைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

போட்டி நாளன்று வேன் பள்ளி வாசலில் நின்றது. கண்ணாடியும் ரேடியோவும் முன் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். குருவி வரவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றார். டீச்சர் வேனைக் குருவியின் தெருவுக்கு விடச் சொன்னாள்.

சந்துக்குள் வேன் போகாது. இறங்கி நடந்தாள். குருவி சீருடை போட்டு, தலை பின்னி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பின்னல் ஒன்று ஈரம் காயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"தம்பிக்கு ராத்திரியிலேர்ந்து வாந்தி மிஸ். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. அம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க" என்றாள் குருவி.

"என்ன சாப்பிட்டான்?"

குருவி உள்ளே பார்த்தாள். டீச்சரும் பார்த்தாள். ஒரே அறை. அடுப்பின் மேல் பானை, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வெந்து வெடித்த மக்காச்சோளம் நாலைந்து. மூலையில் பிளாஸ்டிக் தொட்டியில் ரோஜா நிறத் தண்ணீர். அதன் பக்கத்தில் பை, பாதி காலியாக.

"நான் சொன்னேன் மிஸ். சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேன். அம்மாவுக்கு ஆலையில சம்பளம் போடலை, கடையிலயும் இனிமே கடன் கிடையாதுன்னுட்டாங்க. அம்மா கழுவிக் கழுவி ஊத்தினாங்க. மஞ்சளாயிடுச்சு பாரு, இன்னும் என்னடின்னாங்க."

"நீ சாப்பிட்டியா?"

"இல்லை மிஸ். நான்தான் படிச்சிருக்கேனே."

"அம்மா?"

"தம்பி வெச்சா சாப்பிடலாம்னு இருந்தாங்க. அவன் மிச்சம் வைக்கலை."

டீச்சர் சந்து முனைக்குப் போய்த் தலைமையாசிரியையைப் போனில் பிடித்தாள். மறுமுனையில் மைக் சோதிக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் சொல்லி முடித்ததும் தலைமையாசிரியை பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டாங்களே. டாக்டர் எதுக்கு இருக்காரு? பையில நம்ம ஸ்கூல் பேரு இருக்குங்கறே. முதல்ல அதை எடு. யார் கையிலயும் கொடுத்துடாதே. விதைக் கம்பெனிக்காரங்கதான் இந்தப் போட்டியையே நடத்தறாங்க, முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க. பிள்ளையைக் கூட்டிட்டு வந்து சேரு."

"மேடம், அந்தப் பையன்…"

"உன் ஃபைல் என் மேஜை மேலதான் இருக்கு."

டீச்சர் திரும்பி வந்தாள். பையிலிருந்ததைத் தொட்டியில் கொட்டினாள். பையை மடித்தாள், எழுத்து உள்பக்கம் போகும்படி. இன்னொரு மடிப்பு, இன்னொன்று. கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். கம்பெனி அச்சடித்த பொடி எழுத்துகளும் அதோடு மடிந்து உள்ளே போயின. தையல்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா? மருந்து பூசின விதையைத் தின்னுட்டான்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"என்ன மருந்தும்மா?"

"மருந்துன்னு சொன்னாலே அவங்களுக்குத் தெரியும்."

"நீங்க ஒரு எட்டு வந்தா நல்லா இருக்குமே. நான் போய் என்னத்தைச் சொல்ல?"

"போட்டி இருக்குங்க." டீச்சர் தன் போன் நம்பரைச் சொன்னாள். தையல்காரி தன் போனில் பதிந்துகொண்டு ஒரு மிஸ்டு கால் விட்டாள்.

குருவி எழுந்து செருப்பை மாட்டினாள். "அம்மா போகச் சொன்னாங்க மிஸ். ஜெயிச்சா படிப்பு முடியறவரைக்கும் பீஸ் கட்ட வேணாமாமே."

வேனில் ரேடியோ முன் சீட்டைக் குருவிக்கு விட்டுக் கொடுத்தான்.

அரங்கத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் கம்பெனித் தொப்பி கொடுத்தார்கள். குருவிக்கு அது புருவம்வரை இறங்கியது. பயிற்சியாளர்களுக்குப் பின்வரிசை. போட்டி நடக்கும்போது பயிற்சியாளர் யாராவது போனை எடுத்தால், எழுந்து வெளியே போனால், அந்த அணியை நீக்கிவிடுவோம் என்று மேடையிலிருந்து சொன்னார்கள். எல்லோரும் போனின் வாயை அடைத்தார்கள். டீச்சரும் அடைத்துக் கைப்பைக்குள் போட்டாள், மடித்த பையின் மேல்.

முதல் சுற்றில் கண்ணாடி மண் வகைகளைப் பிழையில்லாமல் சொன்னான். ரேடியோ ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்லி, மூன்றாவதில் தப்பித்தான். சபை சிரித்தது. அடுத்து கண்ணைக் கட்டும் சுற்று. குருவியின் விரல்கள் கிண்ணம் கிண்ணமாகப் போயின. எதிலும் இரண்டாவது முறை தொடவில்லை. கைதட்டல் எழுந்தபோது முன்வரிசையிலிருந்து தலைமையாசிரியை திரும்பி டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அப்போதுதான் கைப்பை மடியில் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. டீச்சர் அதன் மேல் கையை வைத்து அழுத்தினாள். பக்கத்து நாற்காலிப் பயிற்சியாளர், "வீட்டுலேர்ந்தா? எங்க வீட்டுலயும் இப்படித்தான், நேரம் காலமே தெரியாது" என்றார் மெல்ல. வாசலில் தொண்டர் ஒருவர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது தடவை ஒரே ஒரு அதிர்வு. செய்தி. அவள் ஜிப்பை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தாள். தையல்காரியின் நம்பர். என்ன மருந்துன்னு டாக்டர் கேக்கறாரு. பையில போட்டிருக்குமாம். பை எங்க.

ஜிப்பை மூடினாள். பையின் மடிப்பு விரலில் தட்டியது. விரலை வெளியே எடுத்துப் பார்த்தாள். நுனி சிவந்திருந்தது. சேலை முந்தானையில் துடைத்தாள். அங்கேயும் ஒட்டியது.

இரண்டு அணிகள் சமமாக நின்றன. கடைசிக் கேள்வி யாருக்கு என்று சீட்டுப் போட்டார்கள். குருவியின் அணிக்கு விழுந்தது. அணிக்கு ஒருவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கண்ணாடியும் ரேடியோவும் அவளைத்தான் தள்ளினார்கள். சொன்னால் கோப்பை. அவள் மைக்குக்கு எட்டவில்லை. யாரோ மைக்கை இறக்கிவிட்டார்கள்.

தொகுப்பாளர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்து உயர்த்திக் காட்டினார். ரோஜா நிறத்தில் மக்காச்சோளம், கழுத்துவரை. விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள் கால்மேல் கால் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

டீச்சரின் மடியில் கைப்பை மறுபடி அதிரத் தொடங்கியது. இந்தத் தடவை நிற்கவில்லை.

குருவி குடுவையைப் பார்த்தாள். தொப்பியை மேலே தள்ளிவிட்டு, பின்வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். டீச்சரைக் கண்டதும் அவள் கண் நின்றது. டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"இவ்வளவு நேரம் டக்டக்குனு சொன்ன பொண்ணு இப்ப என்ன யோசிக்கறே?" தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே குனிந்து, குடுவையை அவள் முகத்தருகே கொண்டுவந்தார். "ரொம்ப சுலபம்மா இது. சொல்லு, விதைக்கு எதுக்குச் சாயம் பூசறாங்க?"