மேமலைத் தோட்டத்தில் ஏறிய தண்ணீர்

1998 பங்குனியில், லுணுகலைக்கு மேலேயுள்ள மேமலைத் தேயிலைத் தோட்டத்தில், மலையோடை குழாய்வழி கொட்டும் பீலித் தண்ணீர் கீழே விழுவதை நிறுத்திவிட்டு மலைமேல் ஏறத் தொடங்கியது. அதே வாரம் பதுளைச் சந்தையில் போஞ்சிக்காய் விலை இறங்கியது. குடிக்கவும் குளிக்கவும் அந்தப் பீலியையே நம்பியிருந்த பத்தாம் நம்பர் லயத்து வரிசை வீட்டார் குடங்களோடு நின்று, ஓடை பாறைக்குப் பாறை தாவி மேலே போவதை அண்ணாந்து பார்த்தார்கள். உச்சியில் அப்போதுதான் ஒரு ஹோட்டல் திறந்திருந்தார்கள். "தண்ணிக்குக்கூட பெரிய எடம் எதுன்னு தெரிஞ்சிருச்சு" என்றாள் கொழுந்து பறிக்கும் அங்கம்மா.

ஹோட்டல் பால்கனியில் வெள்ளைக்காரர்கள் கமெராவோடு நின்றார்கள். இரவிலும் ஹோட்டல்காரர்கள் விளக்கடித்து ஓடையைக் காட்டினார்கள். பதுளையிலிருந்து வந்த அதிகாரி தர்மராசா, "சுற்றுலாவால இந்த மலை முன்னேறப் போகுது. இனி உங்கட பிள்ளையள் கூடை தூக்கத் தேவையில்லை" என்று பேசினார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. லுணுகலையில் வாஹித் முதலாளி கடையில் பிலிம் ரோல் விற்றது. ஹோட்டல் வாசல் வரைக்கும் தார் போட்டார்கள். வாசலோடு நிறுத்தியும் விட்டார்கள். அங்கம்மாவின் புருஷன் முருகையா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தொப்பி போட்ட ஹோட்டல் காவல்காரர் ஆனார். அவர் தொப்பியோடு வீட்டுக்கு வந்த அன்று அங்கம்மா சிரிக்கவில்லை. சும்மா எவன் கொடுப்பான் என்று கேட்டுவிட்டு, தண்ணீருக்காகப் பள்ளத்துக் கான் வாய்க்காலை நோக்கி இறங்கினாள். அவள் சந்தேகம் வீண்போகவில்லை. தண்ணீரில்லாத லயத்தில் ஆட்களை வைத்திருப்பது பாவம் என்று ஹோட்டல் மனேஜர் தோட்டத்துரையிடம் உருகினார். லயத்தை இடித்துவிட்டு அங்கே வாடகைக்கு விடும் குடில்கள் கட்டலாம் என்பதையும் சொன்னார். மாரியம்மன் திருவிழா முடிந்ததும் பத்தாம் நம்பர் லயம் காலியாக வேண்டுமென்று ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் ஒரு காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னும் அறிவித்தார். நான்கு தலைமுறை பிறந்து செத்த லயம். வீட்டுக்கு உறுதிப் பத்திரம் என்று ஒன்று யாரிடமும் இருந்ததில்லை.

திருவிழாவில் கரகத்தைப் பீலியடியில்தான் நீர் நிரப்பி ஜோடிப்பார்கள். அந்நியர் கண் படக்கூடாதென்று சுற்றிலும் சேலை பிடிப்பது வழக்கம். காய்ந்த பீலிக்கு எதற்கு மறைப்பு, கானில் மொண்டு வருவோம் என்று பூசாரி சலித்தார். அங்கம்மா விடவில்லை. சேலைகளைப் பிடித்தார்கள். பறைச் சத்தத்துக்கு நடுவே பீலி இருமியது; பிறகு தண்ணீர் கீழே விழுந்து குடம் நிறைந்தது. சேலையை இறக்கியதும் மறுபடி மேலே ஏறியது. அங்கம்மாவுக்கு உடம்பெல்லாம் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "மேல நின்னு பார்க்கிறாங்கல்ல, அவங்களுக்குத்தான் இது ஆடுது. மறைச்சா அது பாட்டுக்கு எறங்கும்."

மறுநாள் விடிந்தபோது, உச்சிக்கும் லயத்துக்கும் இடையே ஓடை நெடுகிலும் கம்பு நட்டுச் சேலை கட்டியிருந்தது. கூறைச் சேலைகளும் அதில் இருந்தன. தண்ணீர் ஒழுங்காக இறங்கியது. எல்லாவற்றையும் கிழித்தெறியச் சொல்லி மனேஜர் முருகையாவை அனுப்பினார். அங்கம்மா வழியில் நின்றாள்.

"கிழிங்க. நீங்க எனக்கு எடுத்த சேலையில இருந்து ஆரம்பிங்க."

முருகையா கொஞ்ச நேரம் சேலையைப் பார்த்தார். பிறகு ஓடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கமெராவோடு இறங்கி வந்தவர்களை மறித்தார். "அந்தப் பக்கம் போகாதீங்க. பொம்பளைங்க குளிக்கிறாங்க." அன்று மாலை வேலையோடு தொப்பியும் போய்விட்டது.

தண்ணீர் வந்துவிட்ட லயத்தைக் காலிசெய்யத் தோட்டத்துரைக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஹோட்டலும் மூடவில்லை. மலையிறங்கும் சேலைகளைப் படமெடுக்க முன்னைவிட அதிகம் பேர் வந்தார்கள். அதுவும் சுற்றுலா முன்னேற்றம்தான் என்று தர்மராசா மறுபடி வந்து பேசினார். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கிழிந்ததை அவிழ்த்துவிட்டு லயத்தார் வேறு சேலை கட்டுகிறார்கள். அங்கம்மா இன்றும் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பதில்லை. திரும்பி நின்றுகொண்டு, நிறையும் சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.