காயும் வரைக்கும்

பெரியமுத்து மேஸ்திரியின் தலையில் ஆனந்தகுமார் அரப்புத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாசலில் பலகை போட்டு உடம்பைக் கிடத்தியிருந்தார்கள். பெரியப்பா அர்த்தநாரி குடத்தைச் சரிக்கச் சரிக்க, பச்சைக் குழம்பு நெற்றி வழியாக இறங்கி அப்பாவின் மூடிய கண்களில் தேங்கியது.

"நல்லாத் தேய்டா. உங்கப்பன் ஒரு நாளாச்சும் அரப்பில்லாம குளிச்சிருப்பானா? சாகற அன்னைக்கும் குளிச்சுப்போட்டுத்தான் கெளம்பியிருக்கான், மவராசன்."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரிப்பை அடக்கி மூச்சாக விட்டார்கள். ஆனந்தகுமாரின் விரல் பின்மண்டைப் பிளவில் பட்டது. அந்த இடத்தை விட்டுச் சுற்றித் தேய்த்தான். விரல் நுனிகளில் நேற்றைய சிலிக்கான் பசை இன்னும் தோலாக ஒட்டியிருந்தது. அப்பாவின் தலை சில்லிட்டிருந்ததா என்றுகூட அந்தத் தோலுக்குத் தெரியவில்லை.

நெஞ்சு நின்ற பிறகுதான் விழுந்திருப்பார் என்று டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார். அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அவர் விழுந்துகிடந்த தோப்புத் தொட்டியடியில் பாசி மண்டிக் கிடந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை. வீட்டுக்குள் கண்ணாடித் தடுப்பு போட்ட குளியலறையை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் கிழவர் ஏன் தொட்டிக்குப் போனார் என்று கேட்டவர்களும் பதிலைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். பழைய ஆளுக்கு ஷவரெல்லாம் ஒத்துவருமா?

ஒத்துவந்தது. கால் வீங்கின நாளிலிருந்து ஷவருக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எதையாவது முனகிக்கொண்டு அரைமணி நேரம் குளிப்பார். அது அம்மாவுக்குத் தெரியும். பொன்னாத்தாள் விடிந்ததிலிருந்து மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பாரிக்கு நடுவே அவள் தலை நிமிர்ந்தபோதெல்லாம், ஊர் முன்னால் இப்போது சொல்லப்போகிறாள் என்று அவன் குனிந்துகொண்டான்.

ஆனந்தகுமாருக்கு டைல்ஸ் வேலை. கோயமுத்தூரில் எழும்பும் அடுக்குமாடிகளில் கண்ணாடியும் தரையும் சேரும் இடுக்கில் சிலிக்கான் இழுக்க அவனைத்தான் தேடுவார்கள். கேரள எல்லையில் வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டி வீடு வந்தால் அதே இடுக்கு கறுத்துக் கிடந்தது. தண்ணீர் வெளியே கசிந்து, கதவு நிலை ஊறி, சுவரோரம் முழங்கால் உயரத்துக்குப் பூஞ்சை ஏறியிருந்தது. "ஊருக்கெல்லாம் அடைச்சுக் குடுக்கறீங்க, நம்மூட்டுல ஒழுகுது. மாமா வழுக்கி உழுந்தாத்தான் உங்களுக்குக் கை வருமாட்டிருக்குது" என்று அவன் மனைவி வனிதா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போன மாதம் ஒரு சாயந்திரம், அசதியோடு, பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசிவிட்டான். அப்பா மறந்துபோய் அன்றைக்கே குளித்துவிட்டார். மறுநாள் பூச்சு நாடா மாதிரி உரிந்து வந்தது. சுரண்டாததால்தான் உரிந்தது என்று பார்த்தவுடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உரிந்ததைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"கொத்து வேலை செஞ்சவருக்கு, காயாத வேலையில தண்ணி உடக்கூடாதுன்னு தெரியாதுங்களா? ஒரு நா குளிக்காம இருந்தா செத்தா போயிருவீங்க?"

வனிதா இருந்தாள். அம்மா இருந்தாள். காயாத தளத்தில் செருப்போடு ஏறினான் என்று பண்ணையக்காரர் மகனையே கரண்டியை ஓங்கி விரட்டினவர் பெரியமுத்து. அன்றைக்கு அவர் குனிந்து, தரையில் கிடந்த துணுக்குகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆனந்தகுமார் முறையாகச் செய்தான். பிளேடால் பழையதை வேரோடு சுரண்டி, பிளீச்சிங் போட்டுப் பூஞ்சையைக் கொன்று, ஃபேன் வைத்து உலர்த்தி, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, சிலிக்கான் துப்பாக்கியால் ஒரே இழுப்பாக இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் நீவிவிட்டான். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார்.

"இழுப்பு நல்லாருக்குது," என்றார்.

"நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுங்க."

"செரி."

அவ்வளவுதான் பேச்சு.

தூக்குவதற்குச் சற்று முன்னால், கொழிஞ்சாம்பாறையில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் நூர்தீன் பாய் வந்தார். மாலையை வைத்துவிட்டு ஆனந்தகுமாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மாதிரி மனுசன் இனி எங்கீங்க கெடைக்கும்? போன மாசம் கடைக்கு வந்து உக்காந்தாருங்க. 'ஏம் பாய், தண்ணி பட்டா சிலிக்கான் உரிஞ்சு வருமா'ன்னாரு. பழசைச் சுரண்டாம பூசியிருந்தா பட்டாலும் உரியும், படாட்டியும் உரியுமுங்கன்னேன். 'அப்ப எம்மேல தப்பில்லீன்னு சொல்லுங்க'ன்னு ஒரே சிரிப்பு."

ஆனந்தகுமார் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். பாய் விடவில்லை.

"யாரு பூசுனதுன்னு கேட்டேன். 'அது எதுக்கு, தொழில்காரன், சங்கடப்படுவான்'னு எந்திரிச்சுப் போயிட்டாரு. கடைசி வரைக்கும் பேர் சொல்லலீங்களே."

பறை அதிரத் தொடங்கியது. யாரோ அவன் முன்னால் கொள்ளிச்சட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

மயானத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. எல்லாரும் சாம்பலும் வேர்வையுமாக வீட்டுக்கே திரும்பினார்கள். கொள்ளி வைத்தவன் குளித்துவிட்டு விளக்கைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே நுழையலாம்.

"தொட்டிப்பக்கம் எவனும் போவேண்டா. பக்கத்துத் தோட்டத்துல போர் மோட்டார் ஓடுது, அங்க போலாம்," என்று அர்த்தநாரி கூட்டத்தைத் திருப்பினார்.

ஆனந்தகுமார் தொட்டியை நோக்கி நடந்தான். மொட்டைத் தலையில் வெயில் எரிந்தது.

"ஆனந்தா."

பின்கட்டுச் சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். குரல் அழுது தேய்ந்திருந்தது. வாசலில் ஆட்கள் இருந்தார்கள். ஆனந்தகுமார் நின்றான். இப்போது சொல்வாள். சொல்லட்டும் என்றுகூட இருந்தது.

"பின்கதவு தொறந்திருக்குது. பாத்ரூம்லயே குளிச்சுக்க."

"வேண்டாம்மா."

"காஞ்சிருச்சு. நான் தொட்டுப் பாத்துட்டேன்."

அவள் சன்னலை விட்டு நகரவில்லை. தோட்டத்துப் பக்கம் திறக்கும் பின்கதவு வழியாக அவன் நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டான். இடுக்கு முழுக்க வெள்ளைக் கோடு, பிசிறில்லாமல், சுவரிலிருந்து சுவர் வரை. வீட்டுப் பக்கத்துக் கதவின் அடியில் அம்மாவின் நிழல் வந்து நின்றது.

"தண்ணி சத்தமே காணமே, சாமி. எல்லாருங் காத்திட்டிருக்காங்க."

அவன் கையை மட்டும் உள்ளே நீட்டி ஷவரைத் திறந்தான். கண்ணாடிக் கதவை மெல்லச் சாத்தினான். தண்ணீர் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அவன் இந்தப் பக்கம், சாம்பலோடு, உலர்ந்த தரையில் நின்றுகொண்டிருந்தான். கதவடியில் நிழல் அசையவில்லை.