கொக்கியில் தொங்கிய நான்கு பெல்ட்

மாணிக்கவாசகத்துக்குக் கணக்கு என்றால் உயிர். மலாக்கா காஜா பேராங் சாலையில் இருந்த பஸ் கம்பெனி டிப்போவில் அவர் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் அறைக் குமாஸ்தா. இருபத்தெட்டு பஸ்கள், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை, அந்த அறைக்குள் அறுநூற்று நாற்பது வகைச் சாமான்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கார்டு. வந்தது எத்தனை, கொடுத்தது எத்தனை, மிச்சம் எத்தனை என்று பதினோரு வருஷமாக ஒரே கையெழுத்தில் எழுதி வந்தார்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜனவரியில் மேனேஜர் ஹால்டன் துரை அவரைக் கூப்பிட்டு இரண்டு தாள்களைக் கொடுத்தார். லண்டன் தலைமை அலுவலகம் அனுப்பிய தாள்கள்.

"இனிமேல் யூகத்தில் எதையும் வரவழைக்காதே. இந்தச் சூத்திரத்தின்படி எழுதிப் போடு" என்றார் துரை.

அதுவரை நடந்தது உண்மையில் யூகம்தான். சாமான் தொங்கும் கொக்கி காலியாகத் தெரியும். பட்டறை ஃபோர்மேன் சிதம்பரம் பிள்ளை வந்து முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மாணிக்கவாசகம் சீமைக்கு ஆர்டர் எழுதுவார். சில சாமான் ஐந்து வருஷம் தூங்கும், சில சாமான் ஐந்தே நாளில் பறந்துவிடும்.

சூத்திரம் அப்படியில்லை. ஒரு சாமானுக்கு வருஷத் தேவை எத்தனை, ஒரு முறை வரவழைக்க என்ன செலவு, ஒன்றை ஒரு வருஷம் அலமாரியில் வைத்திருக்க என்ன செலவு என்று மூன்றே மூன்று கேள்விகள். பெருக்கி, இரட்டித்து, வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஒரு தடவைக்கு எத்தனை வரவழைப்பது என்று வந்துவிடும். கப்பல் வந்து சேரும் எட்டு வாரத்துக்கு எத்தனை தேவையோ, மிச்சம் அந்த அளவுக்கு இறங்கியதும் எழுதிப் போட வேண்டும். பழசெல்லாம் வேண்டாம், போன ஆறு மாதத்துக் கணக்கை இரட்டித்தால் போதும் என்று தாளில் இருந்தது.

மாணிக்கவாசகம் வர்க்கமூலத்தைக் கையால் போடுகிறவர். மூன்று வாரத்தில் அறுநூற்று நாற்பது கார்டுக்கும் போட்டு முடித்தார். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் சிவப்பு மையில் இரண்டு எண்கள். பார்க்கவே அழகாக இருந்தது. ஏப்ரலுக்குள் தூங்கிக்கொண்டிருந்த சாமான் பாதி குறைந்தது. துரை வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பதினோரு வருஷத்தில் அது முதல் தடவை.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் அவருடைய மனைவி சந்திரமதி வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வந்தாள். குருபோங் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் அவள் ஆசிரியை. தினமும் இவர்கள் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருவாள்.

"என்னாங்க, உங்க பஸ்சு இந்த மாசத்துல மூணாவது வாட்டி நின்னு போச்சு" என்றாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "டிரைவர் தேவதாஸ் என்னா செஞ்சாரு தெரியுமா? என்ஜின்ல பெல்ட் அறுந்து போச்சாம். கயித்தத் திரிச்சு முடிச்சுப் போட்டாரு. அரை மைல் ஓடுனுச்சு, அதுவும் அறுந்துச்சு. ஒரு மலாய்க்காரம்மா தலையில கட்டியிருந்த துணியக் கழட்டிக் குடுத்துச்சு. அதக் கட்டித்தான் டவுனுக்கு வந்தோம்."

"பெல்ட்டா? ஃபேன் பெல்ட்டா?"

"எனக்கு என்னா தெரியும்? காத்தாடியச் சுத்துறது."

"அது ஸ்டோர்ல இருக்கே!"

"இருந்தா ஏன் கயித்தக் கட்டுறாங்க?"

அன்று காலையில்தான் மாணிக்கவாசகம் ஃபேன் பெல்ட் கார்டை எடுத்து வைத்திருந்தார். மிச்சம் நான்கு. எழுதிப் போட வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. புதுக் கணக்குப் போட்டதில் ஜனவரியில் ஒரு தடவைக்கு ஒன்பது என்று வந்த எண் இப்போது ஏழாகக் குறைந்திருந்தது.

மறுநாள் முதல் வேலையாகக் கொக்கியைப் பார்த்தார். நான்கு பெல்ட்டும் தொங்கிக்கொண்டிருந்தன, மேலே லேசான தூசியோடு. கார்டைப் பார்த்தார். பிப்ரவரியில் ஐந்து கொடுத்திருக்கிறார், மார்ச்சில் இரண்டு, ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒன்றுகூட இல்லை. வர்க்கமூலத்தை மறுபடி போட்டார். ஏழுதான். இன்னொரு தடவை போட்டார். ஏழேதான். கணக்கு சரி, கொக்கி சரி, கார்டு சரி. பிறகு எப்படி ஒரு மலாய்க்காரம்மாளின் தலைத்துணி என்ஜினுக்குள் போனது?

ஒரு பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். சிதம்பரம் பிள்ளை ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார். மலாக்காவில் பல தலைமுறைகளுக்கு முன்பே குடியேறிய செட்டி மக்களின் கிராமமான கம்போங் செட்டியில் பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் விபூதி இல்லாமல் வேலைக்கு வரமாட்டார், ஆனால் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. அவர்கள் வீட்டுப் பேச்சு மலாய்தான். மாணிக்கவாசகம் தமிழில் பேசுவார், அவர் மலாயில் பதில் சொல்வார். பதினோரு வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, பெல்ட் வேணும்னா ஏன் சீட்டு அனுப்பல?"

பிள்ளை வெளியே வந்து பெல்ட்டைப் பார்த்தார். பேயைப் பார்த்ததுபோல் பார்த்தார். "அடா கா?" என்றார். இருக்கிறதா?

"பிப்ரவரியிலேர்ந்து இருக்கு!"

பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மிந்தா பூன் தாடா. புவாட் அபா மிந்தா லாகி?"

கேட்டாலும் இல்லை. பிறகு எதற்குக் கேட்பது?

போன செப்டம்பர் கடைசியில் பெல்ட் தீர்ந்துபோனது மாணிக்கவாசகத்துக்கு நினைவிருந்தது. நவம்பரில் வரவேண்டிய கப்பல், சூயஸ் கால்வாய் மூடப்பட்டதால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பிப்ரவரியில் வந்தது. அந்த நாலரை மாதமும் பட்டறையிலிருந்து சீட்டு வந்தது. அவர் "இல்லை" என்று திருப்பி அனுப்பினார். சீட்டைத் திருப்பி அனுப்பினால் கார்டில் எழுத ஒன்றுமில்லை. கொஞ்ச நாளில் சீட்டு வருவது நின்றது. பட்டறைக்காரர்கள் லாரிக் கடைகளில் பழைய பெல்ட் வாங்கி வெட்டி ஒட்டினார்கள், கயிறு திரித்தார்கள். பிப்ரவரியில் பன்னிரண்டு பெல்ட் வந்த சேதி தற்செயலாக ஸ்டோர் பக்கம் வந்த இரண்டொருவருக்குத்தான் தெரிந்தது. யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்று இவருக்குத் தோன்றவேயில்லை. கார்டில் ஏற்றினார், கொக்கியில் மாட்டினார், முடிந்தது.

தாள் கேட்டது தேவையை. அவர் எழுதியதோ கொடுத்ததை. இல்லாததால் கொடுக்கவில்லை. கொடுக்காததால் தேவை குறைந்தது. தேவை குறைந்ததால் சூத்திரம் இன்னும் குறைவாக வரவழைக்கச் சொன்னது. இப்படியே போனால் ஒரு நாள் சூத்திரம் பூஜ்யம் என்று சொல்லும், அதையும் அவர் சிவப்பு மையில் அழகாக எழுதி வைப்பார்.

நான்கு பெல்ட்டும் அரை மணி நேரத்தில் போய்விட்டன.

"சரி, மாசத்துக்கு எத்தனை வேணும்?" என்று கேட்டார். பிள்ளை பத்து விரலைக் காட்டினார். டிரைவர் தேவதாஸ், "பத்தா? இருவது இல்லாம பத்தாது கிராணி" என்றார். கார்டுப்படி மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ; இவர்கள் சொல்வது பத்து, இருபது. எது நிஜம்?

மறு ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் நின்றிருந்தபோது பிள்ளையும் அவரும் இருபத்தெட்டு பானெட்டையும் திறந்து பார்த்தார்கள். பதினொரு பஸ்ஸில் நல்ல பெல்ட் இல்லை. சில, கார் பெல்ட்டை வெட்டித் தைத்தவை. ஒன்றில் சைக்கிள் டியூப். மாணிக்கவாசகம் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். கடைசி பஸ்ஸுக்கு வரும்போது இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இது ஒரு கார்டு. மீதி அறுநூற்று முப்பத்தொன்பது? வைப்பர் பிளேடு கார்டில் பூஜ்யம் இருக்கிறதே, அது யாருக்கும் வேண்டாத பூஜ்யமா, கேட்டுச் சலித்த பூஜ்யமா? இரண்டு பூஜ்யமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன.

திங்கட்கிழமை துரையிடம் போனார்.

"சார், ஃபேன் பெல்ட் நாற்பது வேண்டும்."

துரை கார்டைப் பார்த்தார். "இங்கே ஏழு என்று நீயே எழுதியிருக்கிறாயே. கணக்குத் தப்பா?"

"கணக்கு சரி சார். அதற்குக் கொடுத்த எண் தப்பு."

"அப்படியானால் சரியான எண் என்ன?"

"தெரியாது சார்."

"தெரியாத எண்ணுக்கு நாற்பது எப்படி வந்தது?"

அவர் மனசுக்குள் மறுபடி கூட்டிப் பார்த்தார். பதினொன்று இப்போதே வேண்டும். கப்பல் வரும்வரை இன்னும் சில அறுந்துபோகும். மிச்சம்? பயம்தான் மிச்சம். பயத்துக்கு எந்தக் கட்டத்தில் எண் போடுவது?

துரை இன்னும் நாலு மாதத்தில் ஊருக்குத் திரும்புகிறவர். அவர் மேஜைமேல் பாதி கட்டிய பெட்டிகள் இருந்தன. சலிப்போடு பேனாவை எடுத்து 'இருபது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏன் இருபது என்று மாணிக்கவாசகம் கேட்கவில்லை.

ஆகஸ்டு முப்பத்தொன்றுக்கு முன்னால் பெல்ட் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். சுதந்திர நாளன்று சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தெல்லாம் சனங்களை மலாக்கா பாடாங் திடலுக்குக் கொண்டுவர இருபத்தெட்டு பஸ்ஸும் ஓட வேண்டும் என்று உத்தரவு. கப்பல் வரவில்லை. பிள்ளை மூன்று நாள் வீட்டுக்கே சரியாகப் போகாமல் கட்டினார், ஒட்டினார், தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கினார். இருபத்து மூன்று பஸ்கள் கிளம்பின.

சந்திரமதியின் பள்ளியில் கொடியேற்றம் முடிந்து, அவளும் மாணிக்கவாசகமும் தேவதாஸின் பஸ்ஸில் இருந்தார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கொடி. குருபோங்கிலிருந்து வருகிற வழியில், டவுனுக்கு இரண்டு மைல் இருக்கும்போது என்ஜினில் ஒரு சத்தம், பிறகு ஆவி. பஸ் நின்றது.

மாணிக்கவாசகம் இறங்கி பானெட் பக்கம் போய் நின்றார். எல்லாரும் தன்னைத் திட்டப் போகிறார்கள் என்று நினைத்தார். பஸ்ஸில் இருந்த யாருக்கும் அவர்தான் ஸ்டோர் கிராணி என்றே தெரியாது. அவர்கள் பாட்டுக்கு இறங்கி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கொடியை ஆட்டிக்கொண்டு, சிரித்துப் பேசி நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, "ஏன் தம்பி, சாமான் இல்லையா?" என்று தேவதாஸைக் கேட்டார்.

"இருக்கான்னு யாருக்குங்க தெரியும்" என்றார் தேவதாஸ்.

சந்திரமதி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, நடப்போம். இன்னிக்கு ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்க?" நடந்தார். சந்தோஷப்பட வேண்டிய நாள் என்று தெரிந்தது. ஆனால் அவர் மனசு வழி முழுக்க ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது: இந்தச் சனங்கள் அடுத்த தடவை பஸ்ஸுக்குக் காத்திருப்பார்களா? காத்திருக்காவிட்டால், ஏறியவர்கள் எண்ணிக்கையைப் பார்க்கிறவன், தேவை குறைந்துவிட்டது என்றுதானே எழுதுவான்?

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இருபது பெல்ட் வந்தது. இந்த முறை அவரே பட்டறைக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னார். கவுண்டரில் ஒரு நோட்டையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். கேட்டுக் கிடைக்காத சாமானையெல்லாம் அதில் எழுத வேண்டும். முதல் வாரம் யாரும் எழுதவில்லை. இரண்டாம் வாரம் எல்லாரும் எழுதினார்கள். தேவதாஸ் தன் ஒரு பஸ்ஸுக்கு ஆறு பெல்ட் எழுதியிருந்தார். பிள்ளை ஒரே ஒரு மலாய் வார்த்தை எழுதியிருந்தார்: 'செமுவா'. எல்லாமே வேண்டும்.

இருபது பெல்ட்டும் ஒன்பது நாளில் தீர்ந்தன. கார்டைப் பார்த்து மாணிக்கவாசகம் மறுபடியும் விழித்தார். ஒன்பது நாளுக்கு இருபது என்றால் வருஷத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம். இதுவும் தேவை இல்லை என்று இப்போது அவருக்குத் தெரியும். பட்டறைக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறினார். டிரைவர் இருக்கைகளுக்கு அடியில் ஏழு புது பெல்ட், காகிதம் பிரிக்காமல் இருந்தன.

"ஏன் தேவதாஸ், ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"பின்ன? மறுபடி அஞ்சு மாசம் இல்லேன்னு சொன்னீங்கன்னா? சட்டையக் கழட்டியா கட்டுறது?"

அதிலும் நியாயம் இருந்தது. அவர் ஒரு பெல்ட்டையும் திரும்பப் பிடுங்கவில்லை. இருக்கைக்கு அடியில் உள்ள ஏழையும் மிச்சம் என்ற கணக்கில் சேர்த்தார். சேர்ப்பது சரியா என்று தெரியவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை முதல் ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டு பானெட்டையும் திறந்து பார்ப்பது என்று பிள்ளையும் அவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் பார்த்ததில் ஐந்து தேய்ந்திருந்தன. நவம்பரில் மூன்று. டிசம்பரில் ஏழு. புது மேனேஜர், ஜொகூரிலிருந்து வந்த இளைஞர், கார்டைப் பார்த்து, "சரி, சூத்திரத்துக்கு எந்த எண்ணைப் போடப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"மாதம் ஐந்து போடலாம் சார். ஐந்து இல்லாமலும் இருக்கலாம்."

புது மேனேஜர் சிரிக்கவில்லை. "அப்படியே எழுதுங்கள். மார்ச்சில் திரும்பப் பார்ப்போம்" என்றார்.

மாணிக்கவாசகம் கார்டை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். சிவப்பு மைப் புட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பென்சிலைச் சீவினார். ஐந்து என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். அடுத்து வைப்பர் பிளேடு கார்டை உருவி எடுத்தார். வெளியே மழை ஆரம்பித்திருந்தது. குடையை எடுத்துக்கொண்டு, பஸ்களின் கண்ணாடியைப் பார்க்க அவர் இறங்கிப் போனார்.