அட்டையில் மூன்று தேதிகள்

கிளட்சிலிருந்து சட்டென்று காலை எடுத்ததில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நடுச்சாலையில் நின்றது. பின்னால் வந்த வேன்காரர் தன் கருத்தை ஹாரனில் சொன்னார். டிரைவிங் மாஸ்டர் அசரவில்லை. பதினைந்து வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் தவறுக்குத் தன் காலால் பிரேக் பிடித்துப் பழகியவர்.

"பரவாயில்லம்மா, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

"சாரி மாஸ்டர். ரெண்டு நாளா சரியா தூக்கமில்ல" என்றாள் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெண். "பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டுட்டு வந்தோம். காய்ச்சல், ஒரே அழுகை. தொடை வீங்கிப்போய்க் கல்லு மாதிரி இருக்கு. உங்க பாப்பாவுக்கு எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லம்மா. மூணு தடவையும் சிரிச்சுக்கிட்டே கிடந்தா. எங்க வீட்ல அவங்க கை அப்படி. போட்டதே தெரியாது."

பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பெண் சாவியைத் திருப்பாமல் அவரைப் பார்த்தாள்.

"எங்க பாப்பாவுக்கும் அவங்கதான மாஸ்டர் போட்டாங்க."

மாஸ்டரின் மனைவி அந்தப் பகுதி சுகாதார மையத்தில் தடுப்பூசி போடும் நர்ஸ். பன்னிரண்டு வருட சர்வீஸ். தெருவில் ஓடும் பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் ஊசிக்கு அழுதவர்கள்தான். கல்யாணமாகி ஒன்பது வருடம் காத்திருந்து பிறந்த சொந்தப் பெண்ணுக்கு இப்போது ஏழு மாதம். வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். ஒரு சில பிள்ளைகளுக்கு ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வராதுதான், அதில் என்ன அதிசயம் என்று மாஸ்டர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் ஒரு தடவையா, இரண்டு தடவையா? மூன்று தடவையும் ஒரு சிணுங்கல்கூட இல்லை. அந்த எண்ணம் செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் மாதிரி, நடக்கும்போதெல்லாம் உறுத்தியது.

அன்று சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டும்போது இரண்டு தொடைகளையும் தடவித் தடவிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி இருந்தன. மாதக்கணக்கான பிறகு அங்கே என்ன தெரியும்? தெரியாது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்தார்.

"கடைசி ஊசி எந்தக் கால்ல போட்ட?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"வலது" என்றாள் மனைவி, துண்டை உதறியபடி. கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, "இல்ல, இடது" என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு, பீரோவிலிருந்து தடுப்பூசி அட்டையை எடுத்து ஜன்னலோரம் கொண்டுவந்தார். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம். மூன்று தேதிகள், மூன்று கையெழுத்து, எல்லாம் ஒழுங்கு. ஒரே பேனா, ஒரே சாய்வு. பக்கத்துக் கட்டத்தில் மருந்துக் குப்பியின் எண். மூன்று மாதத்தில் மூன்று நாள் எழுதிய அந்த எண், மூன்று இடத்திலும் ஒன்றேதான். கற்றுக்கொள்ள வந்த பெண்ணிடம் ஏதோ சாக்குச் சொல்லி அவள் குழந்தையின் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்.

அன்று மதியம் மனைவியைக் கூட்டிவரக் கொஞ்சம் முன்னாலேயே மையத்துக்குப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒரு சின்ன வயசுத் தாய், குழந்தையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, ஊசி வேண்டாம் என்று நின்றாள். யாரோ என்னென்னவோ சொன்னார்களாம்.

அவர் மனைவி அதட்டவில்லை. நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"என் பொண்ணுக்கு ஏழு மாசம்மா. ஒம்பது வருஷம் கழிச்சுப் பொறந்தவ. அவளுக்கே என் கையாலதான் போட்டேன். உன் பிள்ளைக்கு ஒரு கெடுதல் நெனைப்பேனா?"

அந்தத் தாயின் பிடி தளர்ந்தது. மாஸ்டர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பொய் சொன்னால் இடது புருவம் லேசாக ஏறும். இத்தனை வருடத்தில் அவர் மட்டும் கண்டுபிடித்து வைத்திருந்த ரகசியம் அது. புருவம் அசையவில்லை. குழந்தை வீறிட்டது, பஞ்சு வைத்து அழுத்தினாள், "அவ்வளவுதான் தங்கம்" என்றாள், குனிந்து அட்டையில் எழுதினாள். அசைந்திருந்தால்கூட மாஸ்டருக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

காரில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டார். "பட்டாணிக்கு நீ ஊசியே போடலல்ல?"

இரண்டு சிக்னல் தாண்டும்வரை அவள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"சொட்டு மருந்து குடுத்தேன்."

"நான் ஊசியக் கேட்டேன்."

"ரெண்டு வருஷம் முன்னாடி, நான் ஊசி போட்ட ஒரு பையனுக்கு அன்னிக்கே வலிப்பு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? காய்ச்சல்ல வர்றதுதான், ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. ஆகவும் இல்ல. இப்ப சைக்கிள் ஓட்டறான். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா ஊசிய எடுத்துக்கிட்டு இவ பக்கத்துல போனா அந்த முகம் வந்து நிக்குது. கை வரலங்க."

"மத்த பிள்ளைங்களுக்கு மட்டும் வருதா?"

"போடாம விட்டா அதுங்களுக்கு நோய் வந்துடுமே" என்றாள். இதைப் போய்க் கேட்கிறாரே என்ற ஆச்சரியம் அவள் குரலில் நிஜமாகவே இருந்தது.

"நம்ம பிள்ளைக்கு வராதா?"

"நான்தான் கூடவே இருக்கேனே."

"நீ பேசறது உனக்கே நியாயமா படுதா?"

அவள் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் பெல்ட் போடச் சொல்லிக் குடுக்கறீங்க. நீங்க போட்டிருக்கீங்களா இப்ப?"

பெல்ட் தோளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. "அது வேற" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்ததும், "அடுத்த மாசம் போட்டுடறேன்" என்றாள். மாஸ்டர் பார்த்தார். இடது புருவம் ஏறி இறங்கியது.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அவள் காய்ச்சிய பால் கொதித்ததா, கதவைப் பூட்டினேன் என்றாளே பூட்டினாளா என்று மனம் போய்ப் போய்த் தட்டிப் பார்த்தது. கற்றுக்கொள்ள வந்த பெண் ஒரு நாள், "அடுத்த ஊசிக்குக் கூட்டிட்டுப் போகவே பயமா இருக்கு மாஸ்டர்" என்றாள். "பயப்படாமப் போங்க. எங்க பட்டாணிக்கே போட்டோம்ல?" என்று அவர் வாயே சொன்னது. சொன்ன பிறகு, கண்ணாடியைச் சரிசெய்வதுபோலத் தன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சாதாரணமாகத்தான் இருந்தது.

அன்று முற்பகலே, காற்றாட ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரிடம் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஊரின் மறுகோடியில் இருந்த மையத்துக்குப் போய் வரிசையில் நின்றார். முறை வந்ததும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அட்டையை நீட்டினார்.

அங்கிருந்த நர்ஸம்மா பிரித்துப் பார்த்தாள். "எல்லாம் முடிஞ்சிருக்கே. இனி ஒம்பதாம் மாசம்தான். இப்ப எதுக்கு வந்தீங்க?"

வழியெல்லாம் மனைவிக்குச் சொல்ல வேண்டிய சமாதானத்தையே யோசித்து வந்தவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அட்டை தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கையிலேயே கொடுத்தாகிவிட்டது.

"அட, இது அக்கா கையெழுத்து" என்று நர்ஸம்மா சிரித்தாள். "எங்களுக்கெல்லாம் பயிற்சி குடுத்தவங்க. நீங்க அவங்களுக்கு..."

"வீட்டுக்காரர்."

அவள் விரல் அட்டையில் கட்டம் கட்டமாக நகர்ந்தது. எண்கள் இருந்த இடத்தில் மெதுவானது. ஒன்று, இரண்டு, மூன்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டாள். இப்போதே அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. மனைவியின் பன்னிரண்டு வருடமும் அந்த அட்டையில்தான் இருந்தது. மடியில் பட்டாணி கதகதப்பாக, கனமாக இருந்தாள்.

"அந்த மூணும் போடல" என்றார், தாழ்ந்த குரலில்.

"யாரு போடல?"

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நேரம் பார்த்துப் பட்டாணி தன் கொழுத்த காலை நீட்டி மேசை மேலிருந்த டப்பாவை ஒரு உதை விட்டாள். டப்பா கவிழ்ந்து, வெள்ளைப் பஞ்சுருண்டைகள் தரையெங்கும் சத்தமில்லாமல் உருண்டு ஓடின. அட்டையைப் பிடித்தபடி நர்ஸம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பொறுக்க யாருக்கும் தோன்றவில்லை.