வசுந்தரா வரைந்த அம்புக்குறி

வசுந்தராவுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் ஷைமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சொன்னது வசுந்தராவாகவே இருந்தாலும் விடமாட்டாள்.

இருவரும் நாற்பதை நெருங்கியவர்கள். வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு, ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கல்லூரியின் சனிக்கிழமை வகுப்பில் பொறியியல் படிக்கிறார்கள். ஷைமாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. வசுந்தரா வடிகால் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளர். பிரிக்பீல்ட்ஸில் அப்பாவும் பெரியப்பாவும் அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் அவளுடையது. அண்ணன், தங்கை எல்லாரும் பட்டம் வாங்கிவிட்டார்கள். தான் மட்டும் வழியிலேயே நின்றுவிட்டோம் என்பது அவளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வெக்டர் கால்குலஸ் பாடத்தில் இரண்டு முறை கொஞ்ச மதிப்பெண் வித்தியாசத்தில் கோட்டை விட்டிருந்தாள். இன்னொரு முறை போனால் படிப்பே போய்விடும், கல்லூரியின் சட்டம் அப்படி.

ஷைமா அந்தப் பரீட்சையைப் பயந்துபோய்த் தள்ளித் தள்ளிப் போட்டு, இப்போதுதான் முதல் முறையாக எழுதப் போகிறாள். அவளுக்கு ஞாபகசக்தி அபாரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சூத்திரத்தைக் கொட்டிவிடுவாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் பேச்சு வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசுந்தரா கொம்யூட்டர் ரயிலேறி கிள்ளானுக்கு வருவாள். ஷைமாவின் கணவன் ஜாவித் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து இருவரும் கடைசி மேசையில் உட்கார்ந்து படிப்பார்கள். அப்படி ஒரு ஞாயிறு மழை பேயாக அடித்தது. வசுந்தரா குடையோடு மல்லுக்கட்டி, பாதி நனைந்து வந்து சேர்ந்தாள். தலையைத் துவட்டக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

“ஷைமா, நீ போன வாரம் கேட்டியே, லைன் இன்டக்ரல்னா என்னன்னு? இப்ப நடந்து வந்தேனே, அதுதான் லா. ஸ்டேஷன் பக்கத்துல காத்து பின்னாலேருந்து தள்ளுச்சு, எனக்கு லாபம். திரும்பினதும் பக்கவாட்டுல அடிச்சுது. குடை ஆடுச்சே தவிர எனக்கு உதவியும் இல்ல, உபத்திரவமும் இல்ல, அங்க பூஜ்யம். உங்க ரோட்டுல மூஞ்சிக்கு நேரா வந்துச்சு, அது மைனஸ். ஒவ்வொரு அடிக்கும் காத்து எனக்கு எவ்வளவு ஒத்து வந்துச்சு, எவ்வளவு எதிர்த்துச்சுன்னு கூட்டிக்கிட்டே வந்தா முடிஞ்சுது. வேற ரோட்ல வந்திருந்தா வேற விடைகூட வரலாம்.”

ஷைமா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். விசையையும் பாதையையும் ஏன் அப்படிப் பெருக்கச் சொல்கிறார்கள் என்று மாதக்கணக்கில் மண்டை காய்ந்திருந்தாள். இவள் மழையில் நனைந்ததையே பாடமாக்கிவிட்டாள். மனிதர்களுக்கு இப்படியெல்லாம் மூளை வேலை செய்யுமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. பொறாமை துளியும் இல்லை, சந்தோஷம்தான்.

ஆனால் அதே வசுந்தரா, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பாதை என்றால் சறுக்கிவிடுவாள். சும்மா ஒரு செவ்வகம். நாலு பக்கமும் நடந்து, வழியெல்லாம் விசை தந்ததைக் கூட்ட வேண்டும். ஷைமா படம்கூடப் போடாமல் பரப்பளவை வைத்துக் குறுக்குவழிச் சூத்திரத்தில் இருபத்து நான்கு என்று முடிப்பாள். புத்தகத்திலும் அதேதான் இருக்கும். வசுந்தரா பக்கம் பக்கமாகப் பொறுமையாக நடந்து போய் மைனஸ் இருபத்து நான்கில் வந்து நிற்பாள். ஷைமா அவள் போட்டதை வரி வரியாகச் சரிபார்த்தாள். முதல் பக்கம் சரி, அடுத்ததும் சரி, நாலும் சரி. கூட்டினால் மட்டும் மைனஸ். அடுத்த கணக்கு வட்டம், அதிலும் மைனஸ்.

விரிவுரையாளர் யுகேந்திரனிடம் காட்டலாம் என்றாள் ஷைமா. வசுந்தரா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். போன தடவை கேட்டபோது அவர் தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பிளஸ் மைனஸில் கவனம் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். தனக்குக் கணக்கு வராது என்று அவள் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிறு. ஜாவித்தின் தாயார் ஜெய்னம்பு உம்ரா யாத்திரைக்குப் போயிருந்தார். அதனால் கடைத் தொலைக்காட்சியில் பந்தாட்டம் போய் மக்கா நேரலை வந்திருந்தது. ஜாவித் கல்லாவில் உட்கார்ந்தபடி, கஅபாவைச் சுற்றி வரும் லட்சம் பேர் நடுவில் தன் உம்மாவைத் தேடிக்கொண்டிருந்தான். ரொட்டி போடுகிறவர் இரண்டு முறை கண்டுபிடித்தும் கொடுத்தார். இரண்டும் வேறு யாரோ. சாப்பிட வந்தவர்களும் தங்கள் பங்குக்குக் கழுத்தை நீட்டித் தேடினார்கள்.

ஷைமாவும் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள். வசுந்தரா திரும்பவில்லை. தே தாரிக் டீ ஆறிப்போகிற வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் மேசைமேல் மெதுவாக வட்டம் போட்டது.

“ஷைமா, கஅபா உங்களுக்கு எப்பவும் இடது கைப் பக்கமா இருக்கும்?”

ஆமாம், தவாஃப் சுற்றுவது அப்படித்தான் என்றாள் ஷைமா.

“எங்களுக்குச் சாமி வலது கைப் பக்கம்” என்றாள் வசுந்தரா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. தன் தாளை இழுத்துச் செவ்வகத்தைப் பார்த்தாள். மூலையிலிருந்து மேலே ஏறி, வலது பக்கம் போய், கீழே இறங்கி வரும் அம்புக்குறி. வட்டத்தைப் பார்த்தாள். அதுவும் வலமாகத்தான் சுற்றியிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் கந்தசாமி கோயிலில் சின்ன வயதிலிருந்து அவள் சுற்றிய சுற்று அது. பாசிட்டிவ் திசை என்று கேள்வியில் இருந்தால், நல்ல திசை எது என்று அவள் கை யாரையும் கேட்காமல் போட்டுவிடும்.

ஷைமா அவசர அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினாள். உள்ளே அடைபடும் பகுதி நடக்கிறவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும், அதுவே பாசிட்டிவ் என்று ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. அவளும் அதைப் படித்ததே இல்லை. அவள்தான் படமே போடுவதில்லையே. நாலு பக்கமும் சரியா என்று பார்த்தவள், வசுந்தரா எந்தப் பக்கமாகச் சுற்றுகிறாள் என்று ஒரு தடவையாவது பார்த்தாளா?

வசுந்தரா முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. இரண்டு பரீட்சை போனது இந்த ஓர் அம்புக்குறியால். ஜாவித் பதறிப்போய் என்னக்கா ஆச்சு என்று எழுந்தே வந்துவிட்டான்.

ஷைமா தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். “உன் கணக்கு தப்பே இல்ல, வசு. நீ சுத்தின பக்கத்துக்கு அதுதான் சரியான விடை” என்றாள்.

வசுந்தரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ ஒரு பக்கத்தை பிளஸ் என்று வைக்க வேண்டும், புத்தகக்காரன் அதை வைத்துக்கொண்டான், அவ்வளவுதானே என்றாள். எந்தப் பக்கம் சுற்றினாலும் அளவு அதே இருபத்து நான்குதான். பிறகு புதுத் தாள் எடுத்தாள். கணக்கைத் தொடுமுன் அம்புக்குறியைப் போட்டு, அதன்மேல் விரலை வைத்து ஒருமுறை நடந்து பார்த்தாள். அன்று பொழுது சாயும்வரை அவள் போட்ட ஒரு கணக்குகூடப் பிசகவில்லை.

பரீட்சையன்று கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம். பார்த்ததுமே ஷைமாவுக்குத் தெம்பு வந்தது, பழகிப்போன செவ்வகம். சூத்திரம், பரப்பளவு, விடை முப்பது. மூச்சு விடுவதற்குள் முடித்துவிட்டாள். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது, முன் வரிசையில் வசுந்தரா தாளின்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கடைசிக் கேள்விக்கு என்ன வந்தது என்று ஷைமாதான் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

“மைனஸ் முப்பது” என்றாள் வசுந்தரா.

 மறுபடியும் கை பழைய பக்கமே போய்விட்டதா? இதை இவளிடம் எந்த வாயால் சொல்வது? படிகளில் இறங்கும்போது ஷைமா ஏதேதோ பேசினாள். வெயிலைப் பற்றி, கார் நிறுத்திய இடத்தைப் பற்றி. நாளைக்கு இவள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பாள் என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

வசுந்தரா நின்றுவிட்டாள். அவளுக்கு ஷைமாவின் முகம் தெரியாதா? பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்து நீட்டினாள்.

“அவங்க அம்புக்குறியப் பாரு.”

ஷைமா பார்த்தாள். படத்தில் அம்புக்குறி வலமாகப் போயிற்று. கேள்வியிலும் கடிகாரம் சுற்றும் திசையில் என்று பளிச்சென்று எழுதியிருந்தது. அவள் அந்த வார்த்தையைத் தாண்டி ஓடியிருந்தாள். செவ்வகத்தைக் கண்டதும் அவள் மனம் சூத்திரத்தின் பழக்கத்தில் இடஞ்சுழியாகவே சுற்றிவிட்டு வந்திருந்தது. எந்தப் பக்கம் என்று அதைக் கேட்கவே அவளுக்குத் தோன்றவில்லை.

“நான் பிளஸ் போட்டுட்டேன், வசு” என்றாள் ஷைமா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. படிக்கட்டிலேயே வசுந்தராவைக் கட்டிக்கொண்டாள். ஐயோ, உனக்குப் போச்சே என்று வசுந்தரா அவளுக்காகக் கலங்கிக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறியதும் ஜாவித் போனில் கூப்பிட்டு, பரீட்சை எப்படி என்று கேட்டான்.

“பெரிய கணக்கு எனக்குத் தப்பாப் போச்சுங்க” என்றாள் ஷைமா. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவன் குழம்பிப்போய் மறுபடி கேட்டான். அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். வசுந்தரா கேள்வித்தாளை மடியில் விரித்து, அந்த வலஞ்சுழி அம்புக்குறியை விரலால் இன்னொரு முறை சுற்றிக்கொண்டிருந்தாள்.

“வசு பாஸ் பண்ணிட்டா” என்றாள் ஷைமா.